முனை பொருந்தினால் போதுமா? ஒரு அடாப்டர் கற்றுத் தந்த பாடம்

சிட்னியின் மேற்கில், பெண்டில் ஹில்லில் ஒரு நண்பர் வீட்டு கராஜ். சனிக்கிழமை மாலைகளில் அங்கேதான் எங்கள் குழுவின் பாட்டுப் பயிற்சி. கீபோர்ட் நான். கிட்டார் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர். எண்பதுகளின் இளையராஜா பாட்டு எதைக் கேட்டாலும் நோட்டைப் பார்க்காமல் வாசிப்பார். காலடியில் ஒரு டிலே பெடல் வைத்திருப்பார். அடித்த சுரம் எதிரொலி போலத் திரும்பி வரும், அதுதான் அவருடைய கையெழுத்து.

பொங்கல் விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தபோது பெடலின் அடாப்டர் காணாமல் போனது. வீடு மாறும்போது எந்தப் பெட்டியில் போனதோ தெரியவில்லை. "தம்பி, உம்மட கீபோர்ட் அடாப்டரும் இதே ஊசிதானே, ஒருக்கா குத்திப் பாப்பம்" என்றார். நானும் பார்த்தேன். அதே வட்ட முனை, அச்சாக உள்ளே போனது. நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். பத்து வருஷமாகப் பார்ப்பது மென்பொருள் வேலை. படித்ததை எல்லாம் மறந்துவிட்டு, சொருகி, சுவிட்சைப் போட்டேன்.

மூன்று விநாடிகூட இருக்காது. விளக்கு எரியவில்லை. சுட்ட பிளாஸ்டிக் வாடை மட்டும் வந்தது. பெடல் செத்துப் போனது.

தப்பு முழுக்க என்னுடையது. என் யமஹா கீபோர்டுக்கான அடாப்டர் 12 வோல்ட், முனையின் நடுப்பகுதி பாசிட்டிவ். அண்ணையின் பெடலுக்கு வேண்டியது 9 வோல்ட், நடுப்பகுதி நெகட்டிவ். அழுத்தமும் கூட, திசையும் தலைகீழ். லேபிளைப் படிக்க அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை நான் செலவிடவில்லை.

மைக் கடித்த நாள்

கதை அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். பழைய பெடல் ஒன்றை வேறொருவரிடம் இரவல் வாங்கினோம். அதற்கு இணையத்தில், ஏழு டாலருக்கு ஒரு அடாப்டர் தருவித்தேன். இந்த முறை கவனமாக 9 வோல்ட், நடு நெகட்டிவ் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். பெடல் வேலை செய்தது. எனக்கு ஒரே பெருமை.

அன்று நல்ல வெயில். ஜனவரி மாதத்து கராஜ் எப்படியிருக்கும் என்று மேற்கு சிட்னியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு, சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு, வியர்த்த கையோடு வாசித்துக்கொண்டிருந்தார். பெரிய ஆம்ப் கொண்டு வரவில்லை. பாட்டரியில் ஓடும் சின்னப் பயிற்சி ஆம்ப்தான். பல்லவியைப் பாட மைக்குக்குக் கிட்டப் போனவர் சட்டென்று பின்வாங்கினார்.

"தம்பி, மைக் கடிக்குது!"

உதட்டில் ஊசி குத்தினது போல இருந்ததாம். எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்து முடித்த பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அது மைக்கின் குற்றம் இல்லை. மைக் ஒழுங்காக எர்த் செய்யப்பட்ட மிக்ஸரில் இருந்தது. கரண்ட் வந்தது கிட்டார் தந்தியிலிருந்து, அவருடைய கை வழியாக, உதட்டுக்கு. தந்திக்கு அது எங்கிருந்து வந்தது? பெடலிலிருந்து. பெடலுக்கு? அந்த ஏழு டாலர் அடாப்டரிலிருந்து.

எஃபெக்ட்ஸ் பெடல், கீபோர்ட், ஹெட்போன் ஆம்ப் போன்ற இசைக் கருவிகளுக்கு அடாப்டர் வாங்குவது, ரவுட்டருக்கு வாங்குவது போல இல்லை என்று சொல்ல இதுதான் காரணம். ரவுட்டரை நாம் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. பெடலின் நெகட்டிவ் முனை அதன் உலோக உடம்போடும், கேபிளின் வெளிச்சுற்றோடும், கிட்டாரின் தந்திகளோடும் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. அதாவது சுவரில் ஓடும் 230 வோல்டுக்கும் வாசிப்பவரின் விரலுக்கும் நடுவே இருப்பது, அந்த அடாப்டருக்குள் இருக்கும் மின்காப்பு ஒன்றுதான்.

2014இல் நடந்தது

இங்கே நீண்ட நாள் இருப்பவர்களுக்கு நினைவிருக்கலாம். 2014 ஏப்ரலில், சிட்னிக்கு வடக்கே காஸ்ஃபர்ட் பகுதியில் இருபதுகளில் இருந்த ஒரு பெண் தன் வீட்டில் மின்சாரம் தாக்கி இறந்து கிடந்தார். காதில் ஹெட்போன், கையில் லேப்டாப். தரக்குறைவான ஒரு யுஎஸ்பி சார்ஜர் வழியாக மின்சாரம் பாய்ந்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங் துறை அதிகாரிகள் கேம்ப்ஸியில் ஒரு கடையில் சோதனை நடத்தி, அனுமதி பெறாத சார்ஜர்களையும் அடாப்டர்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த மாதிரி சார்ஜர்களின் விலை ஐந்து டாலர் அளவில்தான் இருந்தது. அனுமதி பெறாத மின்பொருளை விற்கும் தனிநபருக்கு 87,500 டாலர் வரை அபராதமோ இரண்டு ஆண்டுச் சிறையோ இரண்டுமோ, நிறுவனத்துக்கு 875,000 டாலர் வரை அபராதம் என்று துறை அப்போது எச்சரித்தது.

அது போன் சார்ஜர், இது பெடல் அடாப்டர். ஆனால் உள்ளே இருப்பது ஒரே சங்கதி. காதில் மாட்டிய ஹெட்போனும் கையில் பிடித்த கிட்டாரும் மின்சாரத்துக்கு ஒன்றுதான்.

இசையுலகத்துக்கு இது புதிதும் இல்லை. 1972 மே மாதத்தில் வேல்ஸின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே இறந்தார். ஒரு கை தந்தியில், இன்னொரு கை சரியாக எர்த் செய்யப்படாத மைக்கில். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ஃப் வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார்.

மலிவு அடாப்டருக்குள் என்ன இல்லை?

இன்றைய அடாப்டர்களுக்குள் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதன் ஒரு பக்கம் சுவர்க் கரண்ட், மறுபக்கம் நமக்கு வேண்டிய 9 வோல்ட். இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பு கிடையாது. சர்க்யூட் பலகையிலும் இரண்டு பக்கத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் வெற்றிடம் விட வேண்டும். இரைச்சலைக் குறைக்க, அந்த இடைவெளியைத் தாண்டி ஒரே ஒரு கெப்பாசிட்டர் போடுவார்கள். அது ஒய் வகை என்று சொல்லப்படும் தனி ரகம். பழுதானாலும் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இணைத்துவிடாதபடி செய்யப்பட்டது.

அந்தக் கெப்பாசிட்டர் வழியாக எப்போதும் துளி கரண்ட் கசியும். சர்வதேசத் தரநிலை இதற்கு 0.25 மில்லிஆம்ப் என்று எல்லை வைத்திருக்கிறது. நல்ல அடாப்டரிலும் சில நேரம் லேசான சுணைப்பு தெரிவது இதனால்தான். ஆகவே சுணைத்ததெல்லாம் ஆபத்து என்று நான் சொல்ல வரவில்லை. சிக்கல் வேறு. மலிவு அடாப்டரில் ஒய் வகைக்குப் பதிலாகச் சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டிருந்தாலோ, இடைவெளியை ஒரு மில்லிமீட்டருக்குச் சுருக்கியிருந்தாலோ, முதல் நாள் வெறும் சுணைப்புத்தான் தெரியும். அந்தக் கெப்பாசிட்டர் ஒரு நாள் ஷார்ட் ஆனால் அடுத்த நொடி தந்தியில் முழு 230 வோல்ட். எந்தச் சுணைப்பு எந்த ரகம் என்று உதட்டால் கண்டுபிடிக்க முடியாது. கடித்தால் நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

"வீட்ல சேஃப்டி சுவிட்ச் இருக்கே" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 30 மில்லிஆம்ப் கசிந்தால் அது துண்டித்துவிடும். பல உயிர்களைக் காப்பாற்றிய சாதனம். ஆனால் பழைய வாடகை யூனிட்டுகள் சிலவற்றில் பலகையில் வெறும் பிரேக்கர்தான் இருக்கும். பிரேக்கர் 16, 20 ஆம்பியருக்குத்தான் விழும். மனிதனைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டாம். பலகையைத் திறந்து, டெஸ்ட் என்று எழுதிய பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இன்னொன்று. இரைச்சல் வருகிறது என்று ஆம்பின் எர்த் முனையை ஒடித்துவிடுவது, டேப் சுற்றிச் சொருகுவது எல்லாம் நம்மூர் மேடைகளில் பார்த்த வித்தை. தயவுசெய்து வேண்டாம். கசியும் கரண்ட் ஆளைத் தொடாமல் போக இருக்கும் வழியே அந்த எர்த்தான்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

சரி, அடாப்டர் தொலைந்துவிட்டது அல்லது கெட்டுவிட்டது. என்ன பார்த்து வாங்குவது? முதலில் கருவியின் பின்பக்கத்தையோ அடிப்பக்கத்தையோ படியுங்கள். பழைய அடாப்டர் இருந்தால் அதன் லேபிளையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒன்று, வோல்ட். இது அப்படியே பொருந்த வேண்டும். 9 என்றால் 9தான். கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்களில் ஒரு சூட்சுமம் உண்டு. லேபிளில் 9 என்று இருந்தாலும் சுமை குறைவாக இருக்கும்போது 12, 13 வோல்ட் வரை தரும். பெடலுக்கு ரெகுலேட்டட் என்று சொல்லப்படும், வோல்ட் மாறாத ரகம்தான் வேண்டும். விதிவிலக்கு ஒன்று உண்டு. பாஸ் நிறுவனத்தின் பழைய பெடல்களில் ஏசிஏ என்று அச்சிட்டவை அந்தப் பழைய ரக அடாப்டருக்காகவே செய்யப்பட்டவை. பிஎஸ்ஏ என்று அச்சிட்டவைக்கு இன்றைய 9 வோல்ட் அடாப்டர்.

இரண்டு, ஏசியா டிசியா. நேர்கோடும் அடியில் புள்ளிக்கோடும் இருந்தால் டிசி. அலைக்கோடு இருந்தால் ஏசி. அடாப்டர் என்றாலே டிசி என்று நினைத்துவிடுகிறோம். டிஜிடெக் வாமியின் பழைய வடிவங்கள், 1999இல் வந்த லைன் 6 டிஎல்4, பாடகர்கள் எக்கோவுக்கு வைத்திருக்கும் அலெசிஸ் நானோவெர்ப் எல்லாம் 9 வோல்ட் ஏசி அடாப்டரோடு வந்தவை. மார்க்கெட்பிளேஸில் பழைய பெடல் வாங்கும்போது அடாப்டர் இல்லாமல் வருவது பெரும்பாலும் இவைதான். டிசி பெடலில் ஏசியைக் கொடுத்தால் என் கராஜ் கதைதான் உங்களுக்கும்.

மூன்று, நடுமுனை. வட்டத்துக்கு நடுவே ஒரு புள்ளி, இருபுறமும் கூட்டல், கழித்தல் குறி போட்ட சின்னப் படம் இருக்கும். புள்ளியிலிருந்து போகும் கோடு எந்தக் குறியைத் தொடுகிறதோ அதுதான் நடுமுனை. பாஸ் தொடங்கி இன்றைய பெரும்பாலான பெடல்கள் நடு நெகட்டிவ். உலகத்தில் மற்ற முக்கால்வாசிப் பொருள்கள் நடு பாசிட்டிவ். ரவுட்டர் அடாப்டரைப் பெடலில் குத்தக்கூடாது என்பது இதனால்தான்.

நான்கு, ஆம்பியர். இங்கேதான் நிறையப் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். "பெடலுக்கு 100 மில்லிஆம்ப்தான் வேணும், 500 போட்டா வெடிச்சிடாதா?" வெடிக்காது. ஊரில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். அதில் எவ்வளவு தண்ணீர் கொடுக்க முடியும் என்பது ஆம்பியர். பெரிய தொட்டி வைத்தால் குழாய் உடையாது, நாம் திறந்த அளவுதான் வரும். உயரத்தைக் கூட்டினால்தான் உடையும். ஆகவே ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. குறைந்தால் அடாப்டர் சூடாகும். மலிவு ரகம் என்றால் அந்தச் சூடே அதன் மின்காப்பைத் தின்றுவிடும்.

ஐந்து, முனையின் அளவு. பெடல்களில் வழக்கம் வெளி விட்டம் 5.5, உள் துளை 2.1 மில்லிமீட்டர். பார்வைக்கு அதே போல 2.5 மில்லிமீட்டர் துளை உள்ளதும் உண்டு. அது உள்ளே போகும், ஆனால் ஆடும், விட்டு விட்டு வேலை செய்யும்.

நாலைந்து பெடல் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் தேவையான மில்லிஆம்பைக் கூட்டி, அதற்குமேல் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அடாப்டரிலிருந்து மாலை மாதிரிக் கோத்துக் கொடுத்தால் டிஜிட்டல் பெடலின் சத்தம் மற்றதில் கேட்கும். ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வாங்கினால் அந்தத் தலைவலி இல்லை.

ஆஸ்திரேலியாவில் கூடுதலாக

இந்த ஐந்தும் கருவியைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்ற இன்னும் சில உண்டு. எனது ஏழு டாலர் அடாப்டர் முதல் ஐந்திலும் தேறியது, இதில்தான் தோற்றது.

ஆஸ்திரேலியாவில் அடாப்டர், சார்ஜர் போன்றவை கூடுதல் ஆபத்துள்ள மின்பொருள் வரிசையில் வருகின்றன. சோதனை செய்து சான்றிதழ் வாங்கிய பிறகே விற்க வேண்டும். அதற்கு அடையாளம் ஆர்சிஎம் முத்திரை, ஒரு வளைவோடு டிக் அடித்தது போல இருக்கும். பழைய அடாப்டர்களில் சி-டிக் என்ற இன்னொரு முத்திரை இருக்கும். அது மின்காந்தத் தொந்தரவு பற்றியது, உயிர்ப் பாதுகாப்பு பற்றியது இல்லை. 2016 மார்ச்சோடு அதன் காலம் முடிந்து ஆர்சிஎம் வந்துவிட்டது. ஐரோப்பாவின் சிஇ எழுத்துகள் மட்டும் இருந்தால் இங்கே போதாது.

முத்திரையைப் போலியாகவும் அச்சடிக்கலாம். அதனால் சுவரில் சொருகும் தட்டை முனைகளைப் பாருங்கள். மேல் இரண்டு முனைகளும் அடிப்பகுதியில் கறுப்புப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்க வேண்டும். 2005 ஏப்ரலிலிருந்து இங்கே இது கட்டாயம். பாதி சொருகிய நிலையில் குழந்தையின் விரல் பட்டாலும் ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. என்னுடைய அடாப்டரில் முனை முழுக்கப் பளபளவென்று வெறும் பித்தளை. ஆர்சிஎம்மும் இல்லை. கையில் எடுத்தால் தீப்பெட்டி கனம்.

இன்னொரு பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. ஊருக்குப் போய்விட்டு வரும்போது அடாப்டர், ஸ்பைக் பஸ்டர் என்று சூட்கேஸில் போட்டுக்கொண்டு வருவது. அம்மாவின் எலெக்ட்ரானிக் தம்புரா, சுருதிப் பெட்டி, பிள்ளையின் கீபோர்ட் எல்லாம் அதில்தான் ஓடும். இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா மூன்றிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேலை செய்யும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் உருண்டை முனையைத் தட்டை முனையாக்க நாம் மாட்டும் ஒரு டாலர் டிராவல் பின் இருக்கிறதே, அதுதான் பலவீனம். கனம் தாங்காமல் தொங்கும், தளர்ந்து பொறி பறக்கும். நாலு நாள் பயணத்துக்குச் செய்ததை நாலு வருஷம் சுவரில் விட்டுவைக்கிறோம். அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ பழைய கருவி வந்தால் இன்னும் கவனம். அங்கே 120, 100 வோல்ட். லேபிளில் 100 முதல் 240 வரை என்று இல்லையென்றால் இங்கே சொருகவே கூடாது. டிராவல் பின் முனையை மாற்றும், வோல்டை மாற்றாது.

எங்கே வாங்குவது? கருவி செய்த கம்பெனியின் ஆஸ்திரேலிய அடாப்டர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்குங்கள். இல்லையென்றால் இங்கே கடை வைத்திருக்கும் இசைக் கருவிக் கடை, ஜேகார் போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடை. நாற்பது, ஐம்பது டாலர் ஆகலாம். வெளிநாட்டு விற்பனையாளரிடம் நேரடியாகத் தருவித்தால், ஏதாவது ஆனால் இங்கே பதில் சொல்ல ஆளே இல்லை. அந்த விலை வித்தியாசத்தில் நாம் வாங்குவது அந்தப் பொறுப்பைத்தான்.

கெட்ட அடாப்டரைத் திறந்து சரிபார்க்கும் ஆசையும் வேண்டாம். வயரை வெட்டி வேறு முனை ஒட்டி டேப் சுற்றுவதும் வேண்டாம். ஊரில் எல்லோரும் செய்ததுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் ஒருமுறை தப்பித்ததை அனுபவம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

அண்ணையின் பெடல்

விழாவுக்கு முன்னால் அண்ணைக்கு அதே மாதிரி பெடலும், கம்பெனி அடாப்டரும் வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார், கட்டாயப்படுத்தினேன். ஏழு டாலர் அடாப்டரின் வயரை வெட்டி, யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி செய்து, மின்கழிவு எடுக்கும் இடத்தில் போட்டேன். இப்போது எங்கள் குழுவின் எல்லா அடாப்டரிலும் வெள்ளை டேப் ஒட்டி, எந்தக் கருவி, எத்தனை வோல்ட், நடுமுனை என்ன என்று மார்க்கரில் எழுதியிருக்கிறது. "இனி ஊசியைப் பாக்க மாட்டன் தம்பி, லேபிளைத்தான் பாப்பன்" என்கிறார்.

மைக் கடித்த அன்று இரவு வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. பக்கத்து யூனிட்டுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று என் ஏழு வயது மகள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்தாள். நாங்கள்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம். கீபோர்டின் வயரைப் பிடித்துக்கொண்டே சுவர்வரைக்கும் போனேன். ஊரிலிருந்து வந்த அடாப்டர், அதற்கு ஒரு டிராவல் பின், தளர்ந்து தலைசாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக அது அப்படியேதான் இருந்திருக்கிறது.

சுவிட்சை அணைத்தேன். "ஏன்பா, பாட்டு இன்னும் முடியல" என்றாள். நாளைக்கு வாசிக்கலாம்மா என்றேன்.

இந்த வார இறுதியில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் ஹெட்போன், கிட்டார், கீபோர்ட், தம்புரா என்று உடம்பில் படும் கருவி ஒவ்வொன்றின் வயரையும் பிடித்துக்கொண்டு சுவர்வரைக்கும் போய்ப் பாருங்கள்.